விலை போகாத வாழைப்பழத்தில் பாகு காய்ச்சாத பழ உருண்டை

ஒரே சமயத்தில் பல தோட்டங்களில் வாழைத்தார் வெட்டுக்கு வந்தால் விலை இறங்கிவிடுகிறது. காயாக இருக்கும்வரை சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். பழுத்துவிட்டால் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். வியாபாரி கழித்துவிடும் நுனிச் சீப்புகளும் சிறுத்த காய்களும் பெரும்பாலும் மாட்டுத் தொட்டிக்கே போகின்றன. இப்படி வீணாகும் நல்ல பழத்தைக் காயவைத்து வற்றலாக்கினால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். தேவைப்படும்போது அதை இடித்து உருண்டை பிடித்தால் வீட்டுக்கும் ஆகும், விற்பனைக்கும் ஆகும்.

கடலை உருண்டை செய்பவர்களுக்குப் பாகுப்பதம்தான் பெரிய சோதனை. பதம் தப்பினால் உருண்டை உதிரும் அல்லது கல்லாகும். பழ உருண்டைக்குப் பாகு வேண்டியதில்லை. பழத்திலுள்ள இனிப்பே பிடிமானம் கொடுக்கிறது. இலந்தைப் பழத்தை வெல்லம், மிளகாய், உப்புச் சேர்த்து இடித்து, வடையாகத் தட்டிக் காயவைக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களுக்கு இது புதிய வேலை அல்ல. ஆனால் இதிலும் ஒரு பதம் உண்டு. அது பழம் காயும் பதம்.

எந்தப் பழம் ஏற்றது?

இனிப்பு மிகுந்த கற்பூரவல்லி வற்றலுக்கு மிகவும் ஏற்றது. பூவன், நேந்திரன் பழங்களையும் காயவைக்கலாம். பழம் முழு மஞ்சளாக, அதே சமயம் கெட்டியாக இருக்க வேண்டும். அடிபட்டுக் கன்றியதும், அழுகல் வாடை வீசுவதும் கூடாது. காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. வழக்கமான மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதே நல்லது.

காயவைக்கும் முறை

பழத்தின் தோலை உரித்து, எவர்சில்வர் கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். இரும்புக் கத்தி பட்டால் பழம் கறுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று எலுமிச்சம் பழங்களின் சாற்றைக் கலந்து, துண்டுகளை 5 நிமிடம் போட்டு எடுத்து வடியவிட்டால் நிறம் அதிகம் மாறாது.

பிறகு மூங்கில் தட்டிலோ நைலான் வலையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். தட்டைத் தரையில் வைக்காமல், இடுப்புயரப் பந்தலில் வைத்துக் கொசுவலையால் மூடவேண்டும். ஒரு நாளைக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். பனியில் நனையாதபடி மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் சிறு கூடாரம் அமைத்து, அடியிலும் உச்சியிலும் காற்றுப்போக்கு விட்டால் பழம் விரைவில் காயும். ஈயும் தூசியும் அண்டா. நல்ல வெயிலில் 4 முதல் 6 நாட்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நலம்.

துண்டை அமுக்கினால் விரலில் ஈரம் படக்கூடாது; வளைத்தால் ஒடியாமல் தோல்போல வளைய வேண்டும். இதுவே சரியான பதம். தோல் நீக்கிய 10 கிலோ பழத்திலிருந்து சுமார் 3 கிலோ வற்றல் கிடைக்கும். எடை குறைகிறதே என்று ஈரத்தோடு எடுத்துவிட்டால் பூஞ்சணம் பிடித்து எல்லாமே வீணாகும்.

காய்ந்த வற்றலை உடனே கட்டிவைக்காமல், மூடியுள்ள பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் போட்டு, தினமும் குலுக்கிவிட வேண்டும். மூடியின் உட்புறம் வியர்த்திருந்தால் மறுபடியும் ஒரு நாள் வெயிலில் போடவேண்டும். வியர்க்காவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்கலாம்.

பழ உருண்டை

தேவையான பொருட்கள்: வாழைப்பழ வற்றல் அரை கிலோ, விதை நீக்கிய பேரீச்சம் பழம் கால் கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை கால் கிலோ, வறுத்த எள் 100 கிராம், உலர்ந்த திராட்சை 50 கிராம், ஏலக்காய் 6, சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி.

செய்முறை: கடலையை உரலில் ஒன்றிரண்டாக இடித்துத் தனியே வைக்கவும். வற்றலையும் பேரீச்சையையும் பொடியாக நறுக்கி, ஒட்டிக்கொள்ளும் பக்குவம் வரும்வரை இடிக்கவும். மிக்சியில் அரைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு அரைக்க வேண்டும். இதில் கடலை, திராட்சை, ஏலப்பொடி, சுக்குப் பொடி சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி எள்ளில் புரட்டி எடுக்கவும். உருண்டை ஒன்று 25 கிராம் வீதம் பிடித்தால் 45 உருண்டைகள் வரை வரும். உருட்ட வராவிட்டால் ஒரு கரண்டி தேன் சேர்க்கலாம். தண்ணீர் தெளிக்கவே கூடாது. தெளித்தால் இரண்டே நாளில் புளித்துவிடும். உருட்ட நேரம் இல்லாதவர்கள் நெய் தடவிய தாம்பாளத்தில் அழுத்திப் பரப்பி, வில்லைகளாக வெட்டிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலைகளைப் பொறுக்கி நீக்குவது மிக முக்கியம். அவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. சர்க்கரை சேர்க்காத பண்டம் என்றாலும் காய்ந்த பழத்தில் இனிப்பு செறிந்து நிற்கிறது. ஆகையால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

கடலையும் எள்ளும் சேர்ந்த உருண்டை நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் செய்வதே நல்லது. சேமித்து வைக்க வேண்டியது வற்றலைத்தான், உருண்டையை அல்ல. விலை இறங்கிய வாரத்தில் வற்றல் போட்டு வைத்துக்கொண்டு, திருவிழா, பண்டிகை நாட்களில் தேவைக்கேற்ப உருட்டினால் சரக்குத் தேங்காது.

வெளியில் விற்க எண்ணுபவர்கள் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இதற்கு விவரம் கிடைக்கும். பொட்டலத்தின்மேல் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கடலை, எள் சேர்ந்திருப்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சிலருக்கு அவை ஒவ்வாதவை. திருச்சியில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், வாழையிலிருந்து மதிப்புக்கூட்டிய பொருட்கள் தயாரிப்பது பற்றி விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

முதல்முறையிலேயே பல தார்களை அறுத்துப் போடாமல், இரண்டு மூன்று சீப்புகளை மட்டும் காயவைத்துப் பதம் பழகிக்கொள்வது நலம். பழம், கடலை, பேரீச்சை, பொட்டலம், கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து, உருண்டை ஒன்றுக்கு என்ன அடக்கம் என்று தெரிந்த பிறகே விலை வைக்க வேண்டும். வீட்டாரின் உழைப்புக்கும் அதில் கூலி போட மறக்கக்கூடாது.