பிள்ளையின் விளையாட்டில் எதிரி யார்?



மஃரிப் முடிந்து, ஓதலும் முடிந்ததும் பிள்ளை கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் ஒதுங்கிவிடுகிறான். "எத்தனை மணிக்கு நிறுத்துவாய்?" என்றுதான் உம்மாமார் கேட்கிறோம். "யாரைச் சுடுகிறாய் மகனே?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? வீடியோ விளையாட்டு கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாம் பார்க்கப்போவது அந்த விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்ற எதிரிகளை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுடைய முகம் மாறி வந்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவை பிந்தித்தான் வந்தன. 1990க்குப் பின் இங்கே ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அதனால் வெளியுலகப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ட பழையவையும் புதியவையும் நம் பிள்ளைகளின் கைக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

முதலில் பேய்கள். 1980இல் ஜப்பானின் நம்கோ கொம்பனி 'பெக்மேன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கிய தோரு இவதானி, விளையாட்டுக் கூடங்கள் ஆண்களுக்கே உரியனவாக இருப்பதைக் கண்டு, பெண்களும் விரும்பி விளையாடக்கூடிய ஒன்றைச் செய்ய எண்ணினார். ஆகவே அதில் சுடுதல் இல்லை, உண்ணுதல்தான்! வாயைத் திறந்து மூடும் மஞ்சள் வட்டம் ஒன்று புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும்; நான்கு பேய்கள் துரத்தும். நான்கும் ஒன்றுபோல் துரத்துவதில்லை. சிவப்புப் பேய் நேரே பின்னால் வரும். இளஞ்சிவப்பு, நாம் போகப்போகும் இடத்துக்கு முந்திப்போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் பார்த்துத்தான் தன் வழியைத் தீர்மானிக்கும். செம்மஞ்சளோ கிட்ட வந்ததும் தன் மூலைக்கே திரும்பிவிடும். ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு குணம் இருப்பது போலத்தான். கொஞ்ச நேரம் துரத்திவிட்டு, விளையாடுபவர் மூச்சுவிடட்டும் என்பதுபோல் நான்கும் தத்தம் மூலைக்குப் போய்விடும். இவ்வளவு மரியாதையுள்ள எதிரிகளைப் பிறகு காண்பது அரிது.

1985இல் நின்டென்டோ கொம்பனியின் 'சூப்பர் மாரியோ' வந்தது. அதில் முதலில் எதிர்ப்படும் கூம்பா என்ற காளான், விளையாட்டு ஏறக்குறைய முடியும் தறுவாயில் சேர்க்கப்பட்டது. ஆமை எதிரி புதியவர்களுக்குக் கடினமாக இருந்ததால், ஒரே மிதியில் போய்விடும் எளிய எதிரி ஒன்று தேவைப்பட்டது. முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரே படத்தை இடமும் வலமுமாகத் திருப்பிப் போட்டு அதை நடக்க வைத்தார்கள். பெரிய எதிரியின் பெயர் பௌசர். (நம்மூர்த் தண்ணீர் பவுசர் அல்ல!) இளவரசியைக் கடத்திக்கொண்டு போவதே வேலையாக வந்த இவன், 1992இல் மாரியோவோடு கார்ப் பந்தயம் ஓடினான், 1996இல் ஒரு கதையில் அவனுக்கே துணையாகச் சேர்ந்தான். பிறகு ஒரு மகனுக்கும் தகப்பனானான்.

இதுவரை பேய், காளான், ஆமை. நாம் கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி 'செல்டா' தொடருக்கு வருவோம். 1986இல் அதன் எதிரியான கேனன் பன்றி முகம் கொண்ட ஓர் அரக்கன். 1998இல் அவன் மனிதனாக வந்தான், கேனன்டோர்ஃப் என்ற பெயரில். எந்த மனிதன்? பாலைவனத்தில் களவைத் தொழிலாகக் கொண்டு வாழும் கெருடோ இனத்தின் அரசன். அந்த இனத்தின் சின்னம் பிறையும் நட்சத்திரமும்! தீக்கோயில் என்ற கட்டத்தின் பின்னணியில் இஸ்லாமிய ஓதல் ஒன்றும் ஒலித்தது. விற்பனைக்குக் கிடைத்த ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தது அது. பிந்திய பதிப்புகளில் ஓதலை நீக்கினார்கள், சின்னத்தையும் மாற்றினார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் தீயவனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது கை எங்கே போனது என்று பாருங்கள்.

அடுத்து வந்த துப்பாக்கி விளையாட்டுகளில் மறைப்பே இல்லை. 2007இல் வந்த 'கால் ஒஃப் டியூட்டி' விளையாட்டில் ஒரு பகுதி, பெயர் சொல்லாத ஓர் அரபு நாட்டில் நடக்கிறது. 2009இல் வந்ததில் கராச்சி நகரின் பெயர்ப் பலகைகள் அரபு மொழியில் இருந்தன. அங்கே உருது வழங்குவதைக்கூட யாரும் பார்க்கவில்லை. அதே விளையாட்டில் ஒரு குளியலறைச் சுவரில், அல்லாஹ் அழகை நேசிக்கிறான் என்ற கருத்துள்ள ஹதீஸ் படச்சட்டமாகத் தொங்கியது. முஸ்லிம்கள் முறையிட்ட பிறகு, 2012 ஒக்டோபரில் அந்தக் களத்தையே எடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, எதிரி என்பது நமக்கு விளையாட்டுச் சொல் அல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ் முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து ஜின்னா மைதானத்தில் கூட்டிய விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சோனகத் தெருவின் தையற்காரர், கடைக்காரர், ஆசிரியை, தொட்டிலில் கிடந்த குழந்தை என்று யாரையும் தனித்தனியே விசாரிக்கவில்லை. ஒரு சமூகம் முழுவதற்கும் ஒரே முகம் போட்டாயிற்று. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, இன்று இங்கே தமிழ்ப் பிள்ளைகளோடு படிக்கும் மகனுக்கு அந்தக் கதையை நாம் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது யாருடைய முகத்தை வரைகிறோம்? அன்று படலையடியில் நின்று அழுத அயல்வீட்டுத் தமிழ்ப் பெண்மணி அதில் இருக்கிறாளா?

பன்றி முகத்தோடு தொடங்கிய கேனன்டோர்ஃபின் கதை 1998உடன் முடியவில்லை. 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'விண்ட் வேக்கர்' விளையாட்டில் அவன் முதியவன். இறுதிச் சண்டைக்கு முன் தன் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். பகலில் சுடுகாற்று, இரவில் கடுங்குளிர் காற்று, இரண்டும் தன் மக்களுக்கு மரணத்தையே கொண்டுவந்தன என்கிறான். பசுமையான நாட்டில் வீசிய காற்று அப்படி இல்லை, அந்தக் காற்றுக்கே ஆசைப்பட்டேன் போலும் என்கிறான். பிறகு சண்டை நடக்கத்தான் செய்கிறது. அவன் தோற்கத்தான் செய்கிறான்.

உங்கள் வீட்டில் யாராவது அதை விளையாடினால், அந்தக் கட்டம் வரும்போது அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் இருங்கள். அவன் பேசுவது எழுத்தாகத்தான் ஓடும். மகனையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.