ஏலச் செடியும் ஏட்டுப் பாடமும்

பொழுது புலருமுன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்கிறது. ஜீப்புகள் உறுமுகின்றன. கையில் தூக்குச் சட்டியும் தலையில் துண்டுமாகத் தாய்மார்கள் ஏறி நெருக்கியடித்து உட்காருகிறார்கள. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் அவர்கள் குனிகிறார்கள். அவர்கள் குனிந்த பிறகுதான் கதிரவன் நிமிர்கிறான்!

அத்தகைய வீடுகளிலிருந்து இன்று பெண்கள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயர் தாங்கிய கல்லூரியே போடியில் இருக்கிறது. பொருளியல் பட்டம் பயிலச் சேரும் பெண்ணின் கையில் முதலாண்டில் தரப்படும் ஏடு, நுண்பொருளியல். பிரித்துப் பார்க்கிறாள். ஒரே கோடுகள்! இறங்கும் கோடு தேவையாம், ஏறும் கோடு அளிப்பாம், இரண்டும் வெட்டும் இடம் சமநிலை விலையாம். "இது நமக்கு எட்டுமா?" என்று மிரளுகிறாள்.

மிரள வேண்டாம் என்கிறோம் நாம். எட்டாத பொருளல்ல அது; உன் வீட்டுத் திண்ணைப் பொருள்! உன் அன்னை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பார்த்ததைத்தான் அந்த ஏடு வரைந்து காட்டுகிறது.

2018 ஆகஸ்டில் கேரளத்து மலைகளைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டது. செடிகள் அழுகின. அடுத்த கோடையில் வறட்சி வந்து எஞ்சியவற்றை வாட்டியது. விளைச்சல் சுருங்கிற்று. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்ச விலையைத் தொட்டது. முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரத்தை ஒட்டி விற்ற சரக்கு அது!

ஏன் இப்படிப் பாய்ந்தது? ஏடு விடை சொல்கிறது: நெகிழ்ச்சி. பாயசத்துக்கும் பிரியாணிக்கும் நாலு காய் போதும். வீட்டுச் செலவில் அது கடுகளவு. ஆகவே விலை ஏறினாலும் வாங்குவது பெரிதாகக் குறைவதில்லை. மறுபுறம், இன்று நட்ட செடி நாளை காய்க்காது. மூன்றாம் ஆண்டை எட்ட வேண்டும். தேவையும் வளையாது, அளிப்பும் வளையாது என்றால் விலைதானே துள்ளும்?

கதை அதோடு முடியவில்லை. விலையைக் கண்டவர் நட்டனர். நட்டவரைக் கண்டவரும் நட்டனர். நட்டதெல்லாம் காய்த்தது. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கவிழ்ந்தது. கடல் கடந்த குவாத்தமாலாவின் சரக்கு வேறு உலகச் சந்தையில் போட்டிக்கு நிற்கிறது. விலை ஏற நடுவதும், நட்டது விளைய விலை விழுவதுமான இந்தச் சுழலுக்கு 1934-ல் நிக்கோலஸ் கால்டார் என்ற அறிஞர் பெயரிட்டார். சிலந்தி வலைத் தேற்றம் என்று தமிழில் படிக்கிறோம். வலையைப் பின்னியது சந்தை. சிக்கியது சிறு விவசாயி!

விலையை முடிவு செய்வது தேவையா, அளிப்பா என்று வாதிட்டவர்களிடம், கத்தரிக்கோலின் எந்த அலகு காகிதத்தை வெட்டுகிறது என்று 1890-ல் கேட்டார் ஆல்பிரட் மார்ஷல். நல்ல கேள்வி. நாம் இன்னொன்றும் கேட்கிறோம்: கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும் கை எவருடையது? விற்பவர் பல்லாயிரம், கேட்பவர் சிலர் என்றால் அங்கே விலை யார் பக்கம் சாயும்? இதைப் பிறர் சொல்லவில்லை. ஜோன் ராபின்சன் அம்மையார் 1933-லேயே நூலாக எழுதினார். வாங்குவோர் முற்றுரிமை என்ற பாடம் அது. படித்துவிட்டு ஏலக் கூடத்துக்குப் போ, தங்கையே! கேட்பவர் எத்தனை பேர் என்று எண்ணு. காய் ஏழு மடங்கு ஏறிய நாளில் கூலி எத்தனை மடங்கு ஏறிற்று என்று அன்னையைக் கேள்.

இன்னொரு சொல்லையும் உற்றுப் பார். ஏடு சொல்லும் தேவை வெறும் விருப்பமல்ல. வாங்கும் சக்தியுள்ள விருப்பம்தான் தேவை. காசில்லாதவன் பசி அந்தக் கோட்டில் ஏறுவதே இல்லை! பசியை அளக்கும் கருவியல்ல அந்தக் கோடு. பணத்தை அளக்கும் கருவி. இதை அறியாதவர்தாம் "சந்தை முடிவு செய்துவிட்டது, சரிதான்" என்று தலையாட்டுவர். அறிந்தவர், விடுபட்ட பசிக்கு வழி என்ன என்று கேட்பர். நியாயவிலைக் கடை பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

வாய்ப்புச் செலவு என்றொரு பாடமும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தால் கைவிட்ட மற்றொன்றே அதன் உண்மை விலை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது தேர்வுக்கு வரும் இரண்டு மதிப்பெண் கேள்வி. போடி வீட்டுப் பெண்ணுக்கோ, கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வராமற்போன ஒரு நாட்கூலி! அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தபோது, "இனாம்" என்று முகம் சுளித்தவர்கள் இந்தப் பாடத்தை ஒருமுறை படிக்கட்டும். இனாமல்ல அது, அவள் குடும்பம் இழக்கும் கூலியில் ஒரு சிறு பங்கை ஈடுசெய்யும் கணக்கு.

"இதெல்லாம் தமிழில் வருமா?" என்பார் சிலர். வந்திருக்கிறதே! தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, சமநிலை: எந்தச் சொல் நொண்டுகிறது? தமிழ்வழி பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010-ல் சட்டமே செய்தது தமிழகம். புரிந்து படிப்பதற்குத் தாய்மொழி. உலகோடு வாதாட ஆங்கிலமும் கற்றுக்கொள். இரண்டும் உனக்குரியவையே.

தங்கையே! அன்னை மலையேறிக் காய் பறித்தாள். அதற்கு விலை எப்படி வந்தது என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. நீ ஏடு திறந்து அறிந்துகொள். அறிந்தபின், இரவு அடுப்படியில் அவள் பக்கத்தில் அமர்ந்து எடுத்துச் சொல். மறுநாள் ஜீப்பில் ஏறும்போது அவள் கையில் தூக்குச் சட்டியோடு ஒரு கேள்வியும் இருக்கட்டும்!