இருபது கட்டுரைகளும் எஞ்சிய ஆயிரங்களும்

காசநோய்ச் சிகிச்சை குறித்து வெளிவந்துள்ள ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திரட்ட விழைவோர், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' என்னும் குறிப்புக் களஞ்சியத்தை நாடுவது வழக்கம். அதிலுள்ள 3.5 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை மனிதர் திரையில் தேடிப் படிக்கலாம். கம்ப்யூட்டர் நிரல் ஒன்று நேரே கேட்டுப் பெறவும் வழியுண்டு. இவ்வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். நிரல் வினாவை அனுப்பும்; களஞ்சியம் கட்டுரைகளின் குறிப்பெண்களை விடையாகத் தரும்.

எத்தனை வேண்டுமென்று வினாவில் குறிக்காவிடில், பப்மெட் முதல் 20 எண்களை மட்டுமே தரும். பிழைச் செய்தி எதுவும் வாராது. உலகெங்கிலுமிருந்து வினாக்கள் குவியும் நிலையத்தில், கேளாதவர்க்கும் அனைத்தையும் வாரி வழங்கினால் சர்வர் தாங்காது. ஆகவே இச்சிறு தொகை இயல்பு வரம்பாக விதிக்கப்பட்டுள்ளது. ஏற்பாடு நியாயமானதே. ஆயினும் அந்த 20-ஐயே முழுத்தொகை என்றெண்ணி, ஒரு மருந்தின் பயனையோ தீங்கையோ முடிவு செய்தால் விளைவு விபரீதமாகும். அவை வரிசையில் முன்னே நின்றவை. முழுத்தொகைக்குப் பிரதிநிதியாகப் பொறுக்கியெடுத்த மாதிரிகளும் அல்ல.

நல்லவேளையாக, அதே விடையில் 'கவுண்ட்' என்ற பெயரில் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். நிரல் முதலில் நோக்கவேண்டியது அதனையே. மொத்தம் 2,400 எனக் கொள்வோம். 'ரெட்மாக்ஸ்' என்னும் குறியீட்டால் தவணைக்கு 500 எனக் கேட்டு, 'ரெட்ஸ்டார்ட்' என்பதனை 0, 500, 1,000 என உயர்த்திச் சென்றால், ஐந்து தவணைகளில் பட்டியல் முற்றுப்பெறும். (எண்ணுதல் பூச்சியத்திலிருந்து தொடங்குவதைப் புதியவர் மறத்தலாகாது, 1 எனத் தொடங்கின் முதற் கட்டுரை விடுபட்டுப்போகும்.) தனிச்சாவி பெறாதவர் நொடிக்கு 3 வினாக்களுக்கு மேல் அனுப்பவும் அனுமதியில்லை.

வரம்பை மிகப் பெரிதாக்கிவிட்டால் போதாதோ எனின், ஓரளவிற்கே போதும். 2022-ஆம் ஆண்டு முதல் இம்முறையில் ஒரு வினாவிற்கு 10,000 குறிப்பெண்களுக்கு மேல் பெற இயலாது; தவணைகளாகக் கேட்டாலும் இவ்வெல்லை நெகிழாது. காசநோய் என்ற ஒரு சொல்லை மட்டும் தந்தாலே மொத்தம் இதனை வெகுவாக மீறிவிடும். அப்பொழுது வெளியீட்டுக் காலத்தைக் கொண்டு வினாவைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் 10,000-க்கு உட்படுமாறு அமைத்தல் வேண்டும். ஒரே கட்டுரை மின்வடிவில் ஓராண்டும் அச்சில் மறு ஆண்டும் வெளிவந்து இரு பகுதிகளிலும் தோன்றக்கூடும். ஆதலால் இரட்டைகளை நீக்கிய பின்னரே, எஞ்சியதை முதல் வினா தந்த மொத்தத்துடன் ஒப்பிடவேண்டும். இடையில் புதிய கட்டுரைகள் சேர்ந்து சிறு வேறுபாடு நேரலாம். வினவிய தேதியைக் குறித்து வைத்திருப்பின் அதற்குக் காரணம் காண்பது எளிது.