கிறிஸ்துமஸ் குக்கீஸை எத்தனை நாள் முன்பே அலங்கரிக்கலாம்? மும்பை ஈரக்காற்றில் ஃபாண்டன்ட் கெடாமல் இருக்க வழி என்ன?

மும்பை: பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பலகாரம் செய்து டின்களில் அடைத்து வைப்பது தாராவித் தமிழர்களுக்குப் புதிதன்று. தீபாவளி நெருங்கினால் அங்குள்ள சந்துகளில் முறுக்கும் அதிரசமும் மலையாகக் குவியும். முறுக்கு நன்கு ஆறிய பிறகே டின்னை மூட வேண்டும், மூடிய டின்னுக்குள் காற்று புகக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் அங்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் வீட்டிலிருந்தே கேக், குக்கீஸ் செய்து விற்கும் பெண்கள் இன்று எதிர்கொள்ளும் சிக்கலும் அதேதான். வித்தியாசம், இங்கு காக்க வேண்டியது முறுக்கின் மொறுமொறுப்பை மட்டுமல்ல. அதன்மேல் போர்த்தப்படும் வண்ணச் சர்க்கரைப் போர்வையான ஃபாண்டன்டையும் காக்க வேண்டும். ஐம்பது, நூறு எண்ணிக்கையில் வரும் கிறிஸ்துமஸ், பிறந்தநாள் ஆர்டர்களை ஒரே நாளில் முடிக்க இயலாது. முன்கூட்டியே செய்தால் பிசுபிசுத்துப் போகும் அபாயமும் உண்டு. ஒரு பெட்டி வீணானால், அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய்விடும்.

ஃபாண்டன்ட் ஏன் வியர்க்கிறது?

ஐசிங் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின், சிறிதளவு தாவரக் கொழுப்பு, தண்ணீர் ஆகியவற்றைப் பிசைந்து செய்யப்படும் சர்க்கரை மாவே ஃபாண்டன்ட். சப்பாத்தி போல் தேய்த்து, அச்சில் வெட்டி, குக்கீயின் மேல் ஒட்டுவார்கள். அதிலுள்ள தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்துக்கொள்வதால் நுண்ணுயிரிகள் எளிதில் வளர்வதில்லை. எனவே ஃபாண்டன்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் அதே குணம்தான் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் தூய சர்க்கரையே கசியத் தொடங்கும். குளுக்கோஸும் கிளிசரினும் கலந்த ஃபாண்டன்ட் அதற்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே இளகிவிடும். மழைக்காலத்தில் மும்பையின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். ஆகவே விநாயகர் சதுர்த்தி கால ஆர்டருக்கும் டிசம்பர் மாத ஆர்டருக்கும் ஒரே முறையைப் பின்பற்ற முடியாது. டிசம்பரின் வறண்ட பிற்பகல் நேரம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்

பலரும் செய்யும் முதல் தவறு, அலங்கரித்த குக்கீஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. வெளியே 27 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 22 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் காற்றிலுள்ள நீர் திவலையாகப் படியும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து வரும் குக்கீயின் வெப்பநிலையோ ஏறத்தாழ 4 டிகிரிதான். வெளியே எடுத்த சில நிமிடங்களில் ஃபாண்டன்ட் வியர்த்து, சிவப்பு நிறம் வெள்ளையில் கசிந்துவிடும்.

ஏசி அறையிலும் இதே கவனம் தேவை. மழைக்காலத்தில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 24 டிகிரி அறையிலிருந்து கொண்டுவரப்படும் குக்கீயும் வியர்க்கும். வழி எளிது: ஏசி அறைக்குள்ளேயே பெட்டியை இறுக மூடி, வெளியே கொண்டுவந்த பின் வெளிவெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். நீர்த்திவலை பெட்டியின் மேல் படியும். குக்கீயின் மேல் படியாது.

நாள் கணக்கு

டிசம்பர் 24-ஆம் தேதி ஒப்படைக்க வேண்டிய ஆர்டருக்குப் பின்னிருந்து கணக்கிட்டால் வேலை இவ்வாறு பிரியும்.

டிசம்பர் 10 வாக்கில் நட்சத்திரம், மணி, பூ போன்ற சிறு உருவங்களைத் தனியே செய்துவிடலாம். இவற்றுக்கான ஃபாண்டன்டில் சிறிதளவு சிஎம்சி பவுடர் சேர்த்தால் கல்லைப்போல் இறுகி, வாரக்கணக்கில் தாங்கும். டிசம்பர் 15-க்குள் குக்கீ மாவைப் பிசைந்து, உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். அலங்கரிக்காத மாவுக்கு உறைநிலை எந்தக் கேடும் செய்வதில்லை.

டிசம்பர் 19-ல் சுட்டு, முழுவதும் ஆறவிட வேண்டும். நான்கட்டாய் போன்று உதிரும் பிஸ்கட் இதற்கு ஏற்றதன்று. ஓரம் விரியாத, தட்டையான வெண்ணெய்க் குக்கீயே ஃபாண்டன்டைத் தாங்கும். டிசம்பர் 20-ல் ஃபாண்டன்டை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, மெல்லிய தேன் அல்லது சர்க்கரைப் பாகு தடவி ஒட்டலாம். பாகு அதிகமானால் குக்கீ நமத்துப்போகும். தேய்க்கும்போது ஒட்டாமலிருக்க, ஈரமான நாட்களில் ஐசிங் சர்க்கரையைவிடச் சோள மாவே நல்லது.

அதன்பின் 24 மணி நேரம் திறந்த தட்டில், மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். ஒற்றை அறை வீடுகளில் சிரமம் தொடங்குவது இங்கேதான். அதே அறையில் சோறு கொதித்தால் அந்த நீராவி முழுவதும் ஃபாண்டன்டில்தான் சேரும். எனவே இரவுச் சமையல் முடிந்த பிறகு ஒட்டத் தொடங்கி, இரவு முழுவதும் உலரவிடுவது பயன்தரும்.

டிசம்பர் 22-ல் வண்ணம் தீட்டலாம். பொடி நிறத்தைத் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹால் கலந்த எலுமிச்சை எசன்ஸில் குழைத்தால் விரைவில் உலரும்; மேற்பரப்பும் கரையாது. டிசம்பர் 23-ல் இடையிடையே பட்டர் பேப்பர் விரித்து, காற்றுப்புகாத பெட்டியில் அடுக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் வைத்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிறிவிடும்.

இவ்வாறு செய்த குக்கீஸ் ஒரு வாரம் வரை சுவை குன்றாமல் இருக்கும். ஃபாண்டன்ட் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் உள்ளிருக்கும் வெண்ணெய்க் குக்கீ மெல்லப் பழையதாகும். இடையில் கிரீம் வைத்த குக்கீஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சைவமா, அசைவமா?

மாட்டுங்காவில் ஆர்டர் எடுப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தமிழ் பிராமணர், குஜராத்தியர், சமணர் வாழும் இப்பகுதியில் முட்டையில்லாக் குக்கீ செய்தால் மட்டும் போதாது. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவதால் அது சேர்ந்த ஃபாண்டன்ட் அசைவமே. வீட்டில் மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்யும் ஃபாண்டன்டிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். கடற்பாசி எனப்படும் அகர் அகர் சேர்த்தது சைவம். கடையில் வாங்கும்போது பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

நிறத்தில் மறைந்திருக்கும் ஆபத்து

பிசுபிசுப்பு பணத்தை மட்டுமே பறிக்கும். தவறான நிறம் உடல்நலத்தையே பறிக்கக்கூடும். இந்தியாவில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறமிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது.

மினுமினுப்புப் பொடிகளில் இன்னொரு ஏமாற்றம் உள்ளது. 'நச்சற்றது' என்று எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், அத்தகைய பொடி பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி எடுத்தனர். அந்தப் பொடியில் தாமிரம் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. 'உண்ணத்தக்கது' என்ற குறிப்பும், உட்பொருள் பட்டியலும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் உள்ள பொடியை மட்டுமே வாங்க வேண்டும். மொத்தக் கடைகளில் சிறு உறைகளில் பிரித்துத் தரப்படும் பெயரற்ற பொடிகளைத் தவிர்ப்பது நல்லது.

பதிவு அவசியம்

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் அது உணவு வணிகமே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 31-வது பிரிவு, சிறு உற்பத்தியாளர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனக் கூறுகிறது. 2011 விதிமுறைகளில் ஆண்டு விற்பனை ரூ.12 லட்சம் வரையிலானோருக்கு உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு முறையும், ஆண்டுக்கு ரூ.100 கட்டணமும் வகுக்கப்பட்டன.

பெட்டியின் மேல் செய்த தேதி, உட்பொருட்கள், எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது ஆகிய நான்கு குறிப்புகளை எழுதித் தருவது வாடிக்கையாளருக்கும் விற்பவருக்கும் பாதுகாப்பு. ஏனெனில் இரண்டு வாரம் கவனமாகச் செய்த குக்கீஸும், வாங்கியவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு இருந்தால் வியர்த்துவிடும். பழி செய்தவர் மீதுதான் விழும்.