ஏஸ் சீட்டுக்கு ஒன்றா, பத்தா? ரம்மிப் பிரியர்களைப் பிரிக்கும் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். தாராவியின் சின்னஞ்சிறு அறைகளிலும், மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளிலும் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து விடுகிறார்கள். நடுவில் பாய். பாயின் மேல் இரண்டு சீட்டுக்கட்டு. ரம்மி களைகட்டுகிறது.

ஒருவர் 'டிக்' அடித்ததும் சிரிப்பு நின்று, வாக்குவாதம் பிறக்கிறது. காரணம், மற்றவர்கள் கையில் தேங்கிவிட்ட சீட்டுகளின் மதிப்பு!

201 ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்கில் ஏற்கெனவே 185 பாயிண்ட். கையில் மிஞ்சியது இரண்டு ஏஸ், ஓர் ஐந்து. ஏஸுக்கு 1 என்றால் கூடுவது 7. மொத்தம் 192, அவர் ஆட்டத்தில் நீடிக்கிறார். ஏஸுக்கு 10 என்றால் கூடுவது 25. மொத்தம் 210, எழுந்து போக வேண்டியதுதான். அவர் ஊரில் ஒரு கணக்கு, எதிரே இருப்பவர் ஊரில் வேறு கணக்கு. யார் சொல்வது சரி?

வழக்கம் என்ன?

ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா 10. இரண்டு முதல் பத்து வரை, சீட்டில் உள்ள எண்ணே பாயிண்ட். ஜோக்கருக்கு எதுவும் இல்லை. ஏஸுக்கு 10 என்பதே இன்று பெரும்பாலும் வழக்கம். 1 என்று எண்ணுவோரும் உண்டு.

ஒரிஜினல் ரம்மி சேராதவரிடம் மூன்று ராஜா ஒன்றாக இருந்தாலும் பயனில்லை. 13 சீட்டையும் கூட்ட வேண்டும். எவ்வளவு கூடினாலும் 80-க்கு மேல் போகாது. தவறாக டிக் அடித்தவருக்கும் அதே 80. சீட்டு எடுக்கும் முன்பே 'ஸ்கூட்' விட்டால் 201 ஆட்டத்தில் 25, நடுவில் விட்டால் 50. 101 ஆட்டத்தில் அது 20, 40.

நீதிமன்றம் சென்ற கட்டணம்

சீட்டாட்டக் கட்டணம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்டு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் உறுப்பினர்கள் ரம்மி ஆடக் கட்டணம் வாங்கினார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. 1967-ல் தீர்ப்பு வந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் ரம்மி, பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது நீதிமன்றம். கிளப் நடத்த நியாயமான கட்டணம் வாங்குவது தவறல்ல என்றும் கூறியது. ஆனால், பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது.

1887-ஆம் ஆண்டின் பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டமும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. செல்போனில் பணம் கட்டி ஆடுவது வேறு விஷயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமானாலும் அதற்குத் தடை விதிக்கிறது.

முன்பே பேசுங்கள்

பாயில் உட்கார்ந்து ஆடும் ரம்மிக்கு நடுவர் கிடையாது. ஆகவே சீட்டுக் கலைக்கும் முன்பே ஏஸுக்கு எத்தனை, ஸ்கூட்டுக்கு எத்தனை என்று பேசி, கணக்கு எழுதும் தாளின் தலையிலேயே குறித்துவிடுங்கள். டிக் அடித்த பிறகு விதியை மாற்றுவது யாருக்கும் நியாயமாகப் படாது.

ஊரை விட்டு வந்து ஒரே பானையில் சோறு உண்பவர்கள், ஓர் ஏஸ் சீட்டுக்காக முகம் திருப்பிக்கொள்ள வேண்டுமா?