ராக் இசையும் தமிழில் கருத்துரைத்தலும்: மொழிபெயர்ப்பாளர் நோக்கில் சில குறிப்புகள்

1. முன்னுரை

மும்பையில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டியுள்ள சண்முகானந்தா அரங்கம் கருநாடக இசையோடு சேர்த்தே எண்ணப்படுவது. 1952இல் தோன்றிய சண்முகானந்தா சங்கீத சபையின் முயற்சியால் 1963இல் அது திறக்கப்பெற்றது. 1970களின் தொடக்கத்தில், நாட்டின் பல நகரங்களிலிருந்தும் வந்த ராக் இசைக்குழுக்கள் பங்கேற்ற 'சிம்லா பீட்' போட்டியும் இவ்வரங்கிலேயே நடைபெற்றது. போட்டியிற் பங்குபெற்ற குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்குரிய இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. ஒரே கூரையின்கீழ் மார்கழிக் கீர்த்தனையும் மின்கித்தாரும் ஒலித்த இச்சூழலில், இரண்டையும் கேட்டு வளர்ந்த மாதுங்காத் தமிழர் பீட்டில்ஸ் குழுவைப் பற்றித் தம்முள் பேசும்போது எத்தகைய தமிழைக் கையாள்கின்றனர் என்னும் வினா எழுவது இயல்பே.

மேலை நாட்டு இசை பற்றிய கருத்துரைகளைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் கலைச்சொற்களில் கவனம் செலுத்துகின்றனர். ராக், பாப், ஆல்பம் போன்றவற்றிற்குத் தமிழ்ச்சொல் கண்டுவிட்டால் பணி முடிந்தது என்னும் எண்ணம் நிலவுகிறது. பேச்சு வழக்கை நோக்கின் நிலைமை வேறாக உள்ளது. பெயர்ச்சொற்கள் கடனாக வருகின்றன. மதிப்பிடும் பணியைத் தமிழ் வினைமுற்றுகளே மேற்கொள்கின்றன. ஆகவே மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு பெயரைக்காட்டிலும் பயனிலையிலேயே மிகுதி என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் பேச்சில் இயல்பாக வழங்கும் வடிவங்களைத் தழுவி அமைக்கப்பட்டவை.

2. எழுத்துப்பெயர்ப்பில் ஒரு சிக்கல்

கடன்சொல்லை அப்படியே ஏற்பதிலும் ஓர் இடர் உண்டு. ஆங்கிலச் சொல்லில் உள்ள குவிந்த உயிரொலியை இந்தியத் தமிழர் ஆகாரமாகவும் இலங்கைத் தமிழர் ஒகரமாகவும் எழுதுவர். டாக்டர், டொக்டர் என்னும் இணை யாவரும் அறிந்தது. அவ்வாறே இங்கே 'பாப்' என்பது அங்கே 'பொப்' ஆகும். ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் பரவிய ஈழத்துப் பாடல் வகை 'பொப் இசை' என்றே பெயர்பெற்றது. 'துள்ளிசை' என்னும் தமிழாக்கமும் அங்கே வழக்கில் உண்டு.

மும்பைத் தமிழர்க்கு இவ்வேறுபாடு வெறும் எழுத்து வழக்கு அன்று. இந்துஸ்தானி இசையில் இராகத்தைக் குறிக்கும் இந்தி வடிவமும் தமிழெழுத்தில் 'ராக்' என்றே அமையும். தேவநாகரியில் ஆகாரக் குறியின்மேல் பிறை வடிவம் இடுவதாலும், ககரத்திற்கு ஒலிப்புடைய எழுத்துத் தனியே இருப்பதாலும் இருசொற்களும் மயங்குவதில்லை. தமிழில் அவ்விரு வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. 'நேற்று ராக் கேட்டேன்' என்று எழுதினால், தர்பாரியா கித்தாரா என்பது படிப்போர்க்கு விளங்காது. ஆதலின் ஒன்றை 'ராக் இசை' என இருசொல்லாகவும், மற்றதை 'ராகம்' எனத் தமிழ் வடிவிலும் எழுதுதல் தக்கது.

3. 'கிளாசிக்' என்னும் அடை

'கிளாசிக் ராக்' என்னும் தொடர் 1980களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் வழியாகப் பரவியது. 1960களின் இடைப்பகுதி தொடங்கி வெளிவந்து நிலைபெற்ற ராக் பாடல்களை அது குறிக்கும். இதனைச் 'செவ்வியல் ராக்' எனப் பெயர்ப்பது பிழைபட்ட பொருளுக்கு இடந்தரும். தமிழிற் 'செவ்வியல்' என்பது 'கிளாசிக்கல்' என்பதற்கு ஈடாக முன்பே நிலைபெற்றுவிட்டது. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபின் அப்பொருள் மேலும் உறுதிப்பட்டது. எனவே செவ்வியல் ராக் என்பதைக் கேட்பவர், கருநாடக இசை கலந்த ராக் இசை எனக் கருதக்கூடும்.

'பழைய' என்னும் அடை காலத்தைச் சுட்டும், மதிப்பைச் சுட்டாது. தமிழில் பழமையும் மதிப்பும் சேர்ந்த அடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை தாம் தழுவும் பெயரைப் பொறுத்து வேறுபடுகின்றன. 'பழம்பெரும்' என்பது பெரும்பாலும் கலைஞரைத் தழுவும்: பழம்பெரும் பாடகர். 'காலத்தால் அழியாத' என்பது படைப்பைத் தழுவும்: காலத்தால் அழியாத பாடல். இசைவகையைத் தழுவுதற்கு இவ்விரண்டும் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் கலைஞர், படைப்பு, வகை ஆகிய மூன்றிற்கும் ஒரே அடை நிற்க, தமிழ் அவற்றைப் பிரித்துக் காண்கிறது. மொழிபெயர்ப்பாளர் கருத்துரை எதைப் பற்றியது என்பதை முதலில் தெளிந்து, பின்னரே அடையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

4. பிடித்தலின் காலம்

விருப்பத்தைக் கூறும் தமிழ்த் தொடரில் கேட்போர் நான்காம் வேற்றுமை ஏற்று வருவர்.

(1) எனக்கு பிங்க் ஃபிளாய்ட் பிடிக்கும்.
(2) எனக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது.

(1) நெடுநாளைய சுவையைக் கூறுகிறது. (2) இப்போது கேட்டதன் விளைவைக் கூறுகிறது. ஆங்கில நிகழ்கால வினை இரண்டிற்கும் பொதுவாக நிற்கும். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒருவரின் கருத்தை (2) போலப் பெயர்த்தால், அவர் நேற்றுத்தான் அப்பாட்டைக் கேட்டவராகத் தோன்றுவார். பழைய பாடல்கள் பற்றிய உரையாடலில் பேசுவோரின் தகுதியே அவருடைய நெடிய கேள்வியில் தங்கியிருப்பதால், இப்பிழை சிறியதன்று.

5. 'கேட்கலாம்' என்பதன் படிகள்

-அல் ஈற்றுத் தொழிற்பெயரும் 'ஆம்' என்பதும் கூடிப் பிறந்த -அலாம் ஈறு இசைவையும் இயல்தகவையும் குறிப்பதாக இலக்கணங்கள் கூறும். கருத்துரையில் அதற்கு மதிப்பீட்டுப் பொருளும் உண்டு.

(3) ஒரு தடவை கேட்கலாம்.
(4) கேட்கலாம்.
(5) கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஈறு ஒன்றே, மதிப்போ மூன்று படிகளில் ஏறுகிறது. (3) பாராட்டுப் போலத் தோன்றும் மறுப்பு. (4) நடுத்தரமான ஏற்பு. மூத்த ரசிகர் ஒருவர் இளையோர் விரும்பும் இசையைப் புண்படுத்தாமல் மதிப்பிடுவதற்கு உதவுவது. (5) மிக உயர்ந்த பாராட்டு. (3)இல் எண்ணடையும் (5)இல் தொடர்நிலைத் துணைவினையும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்ப்போர் இம்மூன்றையும் 'கேட்கத்தக்கது' என்னும் ஒரே அடையால் பெயர்ப்பாராயின், இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒன்றாகிவிடும்.

6. ஒரு சொல்லும் ஒரு வாக்கியமும்

'ஓவர்ரேட்டட்' என்பது ரசிகர் பூசல்களில் அடிக்கடி எழும் சொல். அதனுள் இரு கூற்றுகள் அடங்கியுள்ளன: பிறர் உயர்வாக மதிக்கின்றனர், அம்மதிப்பு மிகை. 'மிகைமதிப்புற்ற' என்னும் ஆக்கம் அச்சில் அமையுமேயன்றிப் பேச்சில் ஒலிப்பதில்லை. இயல்பான தமிழ் இரு கூற்றையும் ஒரு வாக்கியமாக விரிக்கிறது.

(6) சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.
(7) அவனுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை.

(7) இதன் மறுதலையான 'அண்டர்ரேட்டட்' என்பதற்கு உரியது. (6)இல் 'சொல்கிற' என்னும் பெயரெச்சத்திற்கு எழுவாய் இல்லை. சொல்பவர் யாவர் எனக் குறிக்காமலே பொதுக்கருத்து மறுக்கப்படுகிறது. எதிரே அமர்ந்திருப்பவர் அவ்விசைக்குழுவின் அன்பராக இருப்பினும் அவரை நேரே சாடாமல் இருக்க இவ்வமைப்பு துணைசெய்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லே வேண்டும் என்னும் கொள்கை இங்குப் பயன்படாது.

7. 'கவர்' என்னும் கருத்து

ஒருவர் இயற்றிப் பதிவு செய்த பாடலை மற்றொருவர் பாடுவதை ராக் ரசிகர் 'கவர்' என்பர். கருநாடக இசையில் இக்கருத்திற்குத் தேவை எழவில்லை. தியாகராசர் கீர்த்தனையை யார் பாடினும் அது பிறர் பாடலைப் பாடுதலே. பாடகரின் பாணியும் பாவமும் மதிக்கப்படுமேயன்றி, அசல் எது என்னும் வினா எழாது. ஆகவே இருவகை இசையும் அறிந்தவர் 'கவர்' என்னும் சொல்லைத் தமிழாக்காமல் கடனாகவே வைத்துக்கொள்வது சோம்பலால் அன்று. கருத்தே கடனாக வந்தது என்னும் உணர்வால் எனலாம். 'நகல்' என்று பெயர்த்தால் இழிவுப்பொருள் சேரும். விளக்கம் வேண்டுமிடத்து 'பிறர் பாட்டைத் தம் பாணியில் பாடுதல்' எனத் தொடராக்குவது பொருந்தும்.

8. முடிவுரை

ராக், பாப், கவர் என்னும் கடன்சொற்களைக் கண்டு, தமிழ் இத்துறையில் தோற்றுவிட்டது எனக் கூறுவோர் உளர். மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் அக்கூற்றை ஏற்கவில்லை. விரும்புதல், ஏற்றல், மறுத்தல், தயங்குதல் ஆகிய மதிப்பீட்டின் படிகளையெல்லாம் வேற்றுமையும் துணைவினையும் எச்சமும் செவ்வனே உணர்த்துகின்றன. பெயர்ச்சொல் ஆங்கிலமாயினும் கருத்து தமிழாகவே சொல்லப்படுகிறது. கலைச்சொற் பட்டியலோடு நில்லாமல் கருத்துரைக்கும் வாக்கிய வகைகளின் பட்டியல் ஒன்றும் மொழிபெயர்ப்பாளர்க்கெனத் தொகுக்கப்படுதல் வேண்டும். அதற்குரிய தரவை நூலகத்தில் மட்டும் தேடாமல், கச்சேரி முடிந்து அரங்கின் வாயிலில் நின்று பேசுவோரிடமும் கேட்டறிதல் தகும்.