ஒரே விளையாட்டு, நாட்டுக்கொரு சட்டம்

லண்டனில் இருக்கும் என் மகனும் பெல்ஜியத்தில் இருக்கும் என் அண்ணாவின் மகனும் வார இறுதியில் ஒன்லைனில் ஃபுட்போல் விளையாடுவார்கள். விளையாட்டு ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டுத் திரையில் காசு கொடுத்து பொயின்ட்ஸ் வாங்கும் பட்டன் இருக்கிறது, அங்கே இல்லை. "ஏன் அப்பா, அண்ணாவுக்கு மட்டும் அது இல்லை?" என்று இவன் கேட்டான். கேள்வி சின்னது. பதில் ஒவ்வொரு நாட்டின் சூதாட்டச் சட்டத்திலும் வேறு வேறு மாதிரி இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் என்ன?

இதை லூட் பாக்ஸ் என்கிறார்கள். காசு கொடுக்கும்போது உள்ளே என்ன வரும் என்று தெரியாது, திறந்தால்தான் தெரியும். ஃபுட்போல் விளையாட்டில் அது வீரர்கள் வரும் 'பாக்'. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். உள்ளே நடப்பது மிக எளிய வேலைதான். சர்வர் ஏதோ ஒரு எண்ணை எடுக்கும், ஒரு அட்டவணையோடு ஒப்பிடும், பரிசைத் தீர்மானிக்கும். பெட்டி குலுங்குவதும் வெளிச்சம் பாய்வதும் பிள்ளையைப் பரபரப்பாக வைத்திருக்கும் அலங்காரம்.

சூதா, இல்லையா?

பெல்ஜியம் "சூதுதான்" என்றது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18, ஓவர்வாட்ச் உட்பட சில விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் பெட்டிகள் சட்டவிரோதம் என்று சொன்னது. 2019 ஜனவரி முடிவில் ஈஏ நிறுவனம் அங்கே ஃபிஃபா பொயின்ட்ஸ் விற்பதை நிறுத்தியது. மகனின் கேள்விக்குப் பதில் அதுதான்.

பக்கத்து நெதர்லாந்திலும் அதிகாரிகள் அப்படித்தான் நினைத்தார்கள். ஈஏ மீது 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாக் திறப்பது தனிச் சூதாட்டம் இல்லை, திறமையால் ஆடும் பெரிய விளையாட்டின் ஒரு பகுதி என்பது தீர்ப்பு.

பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஒன்றைத்தான் பார்க்கிறது: கிடைக்கும் பரிசு பணமா, அல்லது பணப் பெறுமதி உள்ளதா? வந்த வீரரை வெளியே விற்றுக் காசாக்க வழி இல்லை என்றால் அது சூது இல்லை. 2022இல் அரசாங்கம் சட்டத்தை மாற்றப் போவதில்லை என்று அறிவித்தது. 2023இல் துறை அமைப்பு தானாக முன்வந்து சில கொள்கைகளை வெளியிட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று.

அவுஸ்திரேலியா தடை செய்யவில்லை. வயதுக் குறியை மாற்றியது. 2024 செப்டம்பர் 22 முதல் வகைப்படுத்தப்படும் விளையாட்டில் காசுக்கு வாங்கும் லூட் பாக்ஸ் இருந்தால் குறைந்தது 'எம்' குறி. அதாவது 15 வயதுக்குக் கீழே பரிந்துரை இல்லை. ஆனால் கடையில் வாங்குவதை அது தடுக்காது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் உண்டு. அது அந்த ஒரு நிறுவனத்தை மட்டுமே கட்டுப்படுத்தும்.

தடை போட்டால் முடிந்ததா?

இல்லை. பெல்ஜியத்தில் தடைக்குப் பிறகு நடந்த ஓர் ஆய்வு, அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐஃபோன் விளையாட்டுகளைப் பார்த்தது. 82இல் லூட் பாக்ஸ் இருந்தது. ஐரோப்பாவில் ஃபிஃபா விளையாட்டுகளோ பல வருடம் பெஜி 3 என்ற குறியோடுதான் விற்கப்பட்டன. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஏற்றது என்று அர்த்தம்! எந்த நாட்டில் இருந்தாலும் சட்டத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது

"சூது கெட்டது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "இது சூது இல்லை, கேம்" என்று பதில் வரும். பிரித்தானியாவில் சட்டமும் பிள்ளையின் பக்கம்தான்! அதனால் கணக்கைக் காட்டுங்கள்.

பெட்டியில் நல்ல வீரர் வரும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வைப்போம். 100 பெட்டி வாங்கினால் நிச்சயம் ஒன்று வரும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில், 100 பெட்டி வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 37 சதவீதம் பேருக்கு ஒன்றுமே வராது. நம்பவில்லையா? லூடோ கட்டையை எடுத்து ஆறு தடவை உருட்டச் சொல்லுங்கள். ஆறு விழவே விழாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நாலைந்து சுற்றுப் போட்டால் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

அடுத்தது ஃபோன். ஐஃபோனில் ஃபமிலி ஷெயாரிங்கில் ஒவ்வொரு வாங்கலுக்கும் உங்கள் அனுமதி கேட்கும் வசதி உண்டு. கூகிள் பிளேயிலும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்கலாம். பிளேஸ்டேஷனில் பிள்ளையின் கணக்குக்கு மாதச் செலவு வரம்பு போடலாம்.

புது விளையாட்டு வாங்கும்போது வயது எண்ணோடு நிறுத்தாதீர்கள். விளையாட்டுக்குள் வாங்கல் உண்டு என்ற குறிப்பின் பக்கத்தில், என்ன கிடைக்கும் என்று தெரியாத பொருட்கள் பற்றியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், முதல் பெட்டியைத் திறக்க முன்னமே பிள்ளையோடு பேசுங்கள். திறந்த பிறகு பேசுவது இன்னும் கஷ்டம்.